பேஸ் கிற்றாருக்குப் பொக்ஸ் தேடுகிறவர்களுக்கு

"அண்ணை, எத்தனை வாட்ஸ் பொக்ஸ் எடுக்கிறது?" பேஸ் வாசிக்கத் தொடங்கிய தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். பொக்ஸ் என்றால் ஸ்பீக்கர் பெட்டி. நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்? பொக்ஸை யார் தூக்குவது? வாட்ஸ் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் பேஸ் வாசிப்பவருக்கு இரண்டு வகை வேலை வரும். கோயில் திருவிழாவில் இசைக்குழு என்றால், சவுண்ட்ஸ்காரர் பெரிய சப் பொக்ஸ்களை வீதி மணலில் அடுக்கியிருப்பார். உங்கள் அம்பிளிஃபயரிலிருந்து, அதாவது அம்பிலிருந்து, பேஸின் சிக்னலை எடுத்துப்போகிற டிஐ வயர் ஒன்று மிக்சருக்குப் போகும். வெளிவீதியில் கச்சான் உடைத்துக்கொண்டு நிற்கிற சனத்துக்குக் கேட்பது அந்தச் சப் பொக்ஸ்களின் சத்தம்தான். மேடையில் இருக்கிற உங்கள் பொக்ஸ் உங்களுக்கும், ஒக்டபாட் வாசிப்பவருக்கும், சுருதி பிடிக்கிற பாடகருக்கும் மட்டும். அதற்கு ஒரு 12 அங்குல ஸ்பீக்கரோ இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோ தாராளம். அதற்கு மேல் கொண்டுபோனால் மிக்சரில் நிற்பவர் "பேஸைக் குறையுங்கோ" என்று கை காட்டிக்கொண்டே இருப்பார்.

மற்றது சாமத்தியவீடு, பிறந்தநாள், தேவாலய ஆராதனை, பாடசாலை விழா. அங்கே ஸ்ராண்டில் நிற்கிற இரண்டு பொக்ஸ்தான் இருக்கும். பேஸையும் அதற்குள் விட்டால் பாட்டுக் குரல் அமுங்கிப்போகும். இந்த இடங்களில் உங்கள் பொக்ஸே மண்டபத்தை நிரப்ப வேண்டும். நான்கு 10 அங்குலம், அல்லது இரண்டு 12 அங்குலம் வேண்டிவரும்.

இரண்டு வேலையும் வருகிறவருக்கு நான் சொல்வது, ஒரே மாதிரியான 12 அங்குலப் பொக்ஸ் இரண்டு. இரண்டும் 8 ஓம் (மின்தடை அளவு). கோயிலுக்கு ஒன்று, மண்டபத்துக்கு இரண்டு. தனிப் பொக்ஸ் ஓட்டோவில் பின்சீற்றில் ஏறும். பெரிய பொக்ஸ் வாங்கினால் ஒவ்வொரு கச்சேரிக்கும் பட்டாவோ ஹயஸ் வானோ பிடிக்க வேண்டும். 1969இல் வந்த அம்பெக் எஸ்விடி அம்போடு பெயரெடுத்த எட்டு 10 அங்குலப் பொக்ஸின் இன்றைய வடிவம் 63 கிலோ. அதைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதை ட்ரெயிலர் மேடையில் ஏற்றப்போவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, வாட்ஸ். சத்தத்தை அளப்பது டெசிபெல்லில். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு அது கொஞ்சம்தான். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிற்றிவிற்றி. 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்று விபரத்தாளில் போட்டிருக்கும். 93 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 300 வாட்ஸ் கொடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 118. 99 டெசிபெல் ஸ்பீக்கருக்கு அதில் பாதி, 150 வாட்ஸ் கொடுத்தாலே 121 வரும். நல்ல ஸ்பீக்கரும் சின்ன அம்பும், சுமாரான ஸ்பீக்கரையும் பெரிய அம்பையும் வென்றுவிடும்.

என் வயதுக்காரருக்கு இது புதிதல்ல. 90களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 3 வாட்ஸ்தான். ஸ்பீக்கரை மண்குடத்து வாயில் வைத்தால் அதுவே முற்றம் வரை கேட்கும். காரணம் எளிது. ஸ்பீக்கரின் கோன், அதாவது ஆடுகிற கூம்பு, காற்றை முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையை அழித்துவிடுகிறது. அடித்தாளச் சுரங்களில் இந்த அழிவு மிக அதிகம். பின்பக்கத்தை அடைத்துவிட்டால் அழியாது. பொக்ஸ் செய்கிற முதல் வேலை இதுதான்.

விபரத்தாளில் வாட்ஸ் பார்க்கும்போது தொடர்ச்சியான வாட்ஸ், அதாவது ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். பீக், பிஎம்பிஓ எல்லாம் பெட்டி விற்கப் போடுகிற எண்கள்.

அடுத்தது, 15 அங்குலம் என்றால் ஆழமான சத்தம், 10 அங்குலம் என்றால் கீச்சுச் சத்தம் என்ற கதை. அப்படியில்லை. கோனின் பரப்பைப் பாருங்கள். 10 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 350 சதுர சென்ரிமீற்றர், 12 அங்குலம் 530, 15 அங்குலம் 850. நான்கு 10 அங்குலம் சேர்ந்தால் 1400. ஒரு 15ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எவ்வளவு கீழே போகும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் அளவுகளும் பொக்ஸின் கனஅளவும் சேர்ந்துதான். விட்டம் மட்டுமல்ல.

இன்னொன்று. நான்கு தந்திப் பேஸில் மிகக் கீழேயுள்ள ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 41 அதிர்வு. ஆனால் நாம் 'பேஸ்' என்று கேட்பதில் பெரும் பங்கு அதன் இரட்டிப்பான 82 ஹேர்ட்ஸிலும் அதற்கு மேலும் இருக்கிறது. மேலே சொன்ன அம்பெக் பொக்ஸே 58 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கிவிடும் என்று அதன் விபரத்தாளே சொல்கிறது. அதை வைத்துத்தான் உலகம் முழுக்க வாசித்தார்கள். ஆகவே 30 ஹேர்ட்ஸ் வரை போகிற பொக்ஸ் தேடி அலைய வேண்டாம். ஐந்து தந்திக்காரர் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: பி தந்தி 31 ஹேர்ட்ஸ். ஒரு ஒக்டேவ் கீழே, அதாவது பாதி ஹேர்ட்ஸுக்கு, இறங்கி அதே சத்தம் வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். பல ஸ்பீக்கர்கள் சாவது இந்த ஆட்டத்தில்தான். வாட்ஸ் எல்லைக்குள் இருந்தாலும் கோன் எல்லை தாண்டிவிடும். விபரத்தாளில் எக்ஸ்மேக்ஸ் என்று மில்லிமீற்றரில் போட்டிருப்பது இந்த எல்லையை. இரண்டு ஸ்பீக்கர் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் எக்ஸ்மேக்ஸ் கூடியதை எடுங்கள்.

ஓம் கணக்கில் சனம் வீணாகப் பயப்படுகிறது. 8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாகக் கொடுத்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு என்றால் 2. எட்டும் நான்கும் சேர்ந்தால் 2.67. அம்பின் பின்பக்கத்தில் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம், அவ்வளவுதான். வால்வ் அம்ப் வைத்திருப்பவர் மட்டும் ஓமைச் சரியாகப் பொருத்த வேண்டும். பொக்ஸ் கொழுவாமல் அதைப் போடவே கூடாது.

இப்போது இங்குள்ளவர்களுக்கு மட்டுமான ஒரு யோசனை. பாதிப் பேருக்குக் கனடாவிலோ லண்டனிலோ மாமாவோ சித்தியோ இருக்கிறார்கள். "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் பொக்ஸ் கேட்காதீர்கள். வெறும் ஸ்பீக்கரைக் கேளுங்கள். நியோடிமியம் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர்களில் 3 கிலோவுக்கு உட்பட்டவை பல இருக்கின்றன. எமினன்ஸ், செலஸ்டியன் இரண்டுமே செய்கின்றன. சூட்கேசில் வரும். அம்ப் என்றால் வோல்ற்றைப் பார்க்க வேண்டும்: லண்டன் அம்ப் இங்கே அப்படியே வேலை செய்யும், கனடா அம்ப் 120 வோல்ற். பின்பக்கம் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.

பொக்ஸை இங்கே அடிக்கலாம். மரக்காலையில் 18 மில்லிமீற்றர் நல்ல பிளைவூட் வாங்குங்கள். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். படைகளுக்கு நடுவில் ஓட்டை தெரிந்தால் வேண்டாம், அது பின்னர் கிர் என்று அதிரும். எம்டிஎஃப் மலிவு, ஆனால் பாரம். கார்த்திகை மழையில் ஒருக்கா நனைந்தால் மூலைகள் ஊதிவிடும். வெளி அளவு 45க்கு 45க்கு 40 சென்ரிமீற்றர் என்று வைத்தால் உள்ளே ஏறத்தாழ 62 லீற்றர். ஸ்பீக்கரும் குறுக்குச் சட்டமும் பைப்பும் பிடிக்கிற இடம் போக 56 லீற்றர் அளவில் மிஞ்சும். அதில் 4 அங்குல எஸ்லோன் பைப் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வைத்தால் பொக்ஸ் ஏறத்தாழ 50 ஹேர்ட்ஸில் இசையும். பல 12 அங்குல பேஸ் ஸ்பீக்கர்களுக்கு இது ஒத்துவரும். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. ஸ்பீக்கர் கம்பனியே தருகிற பொக்ஸ் அளவை முதலில் பாருங்கள், அது வேறாக இருந்தால் அதையே செய்யுங்கள். சத்தம் கூட வைத்தால் ஒற்றைப் பைப்பில் காற்று புஸ் புஸ் என்று கேட்கும். இரண்டு பைப் போடலாம். அப்போது ஒவ்வொன்றும் 26 சென்ரிமீற்றர் அளவில் நீள வேண்டும். நீளத்தை மாற்றாமல் இரண்டாவது துளை போட்டால் பொக்ஸின் இசைவு மேலே ஏறி, அடித்தாளம் காணாமல் போய்விடும்.

பைப் இல்லாத மூடிய பொக்ஸும் நல்லதுதான். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் இறுக்கமாகக் கேட்கும், கோனும் பாதுகாப்பாக இருக்கும். சின்னப் பொக்ஸ், ஆழமான பேஸ், பெரிய சத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. எந்த இரண்டு என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். மூன்றும் தருவதாக யாராவது விற்றால் காசை எடுக்காதீர்கள்.

பொக்ஸ் மூடியபின் காற்றுக் கசிவு பார்க்க ஒரு வழி உண்டு. மூடிய பொக்ஸ் என்றால், ஐந்து விரலையும் விரித்துக் கோனின் நடுப்பாகத்தை மெதுவாக உள்ளே அமர்த்தி விடுங்கள். கோன் ஆறுதலாகத் திரும்பி வந்தால் பொக்ஸ் இறுக்கம். டக்கென்று வந்தால் எங்கோ காற்றுப் போகிறது. பெரும்பாலும் வயர் கொழுவுகிற தட்டின் ஓரத்தில்தான்.

பழைய பொக்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் இதே விரல் சோதனையில் காதையும் கிட்ட வையுங்கள். கோன் போய் வரும்போது மணல் உரசுவது போலக் கேட்டால் கொயில் (கோனை ஆட்டுகிற கம்பிச்சுருள்) உரசுகிறது, விட்டுவிடுங்கள். பைப் துளையில் மூக்கை வைத்தால் எரிந்த மணம் வருகிறதா? அதுவும் வேண்டாம். மல்ரிமீற்றரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டும். பொக்ஸில் எட்டு என்று எழுதியிருக்க மீற்றர் மூன்றரை காட்டினால் யாரோ உள்ளே மாற்றியிருக்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை நுனியில் தொட்டுப் பாருங்கள்: இரண்டு கோனும் ஒரே பக்கம் பாய வேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் பொக்ஸ் கெட்டதல்ல, ஒரு வயரை மாற்றிக் கொழுவினால் சரி. இதை வைத்து விலை குறைக்கலாமா என்பது உங்கள் மனச்சாட்சி. கடைசியாக, உங்கள் சொந்தப் பேஸைக் கொண்டுபோய் ஈ தந்தியில் ஒவ்வொரு கட்டையாக மெதுவாக ஏறுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் பொக்ஸ் கரகரத்தால் அந்த இடத்தில் ஆணியோ வலையோ தளர்ந்திருக்கிறது.

கார் சப்ஊஃபரை வாங்கிப் பொக்ஸுக்குள் போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. போடாதீர்கள். அவை சின்ன இடத்துக்குள் ஆழமாக முழங்கச் செய்தவை. சென்சிற்றிவிற்றி குறைவு, நடுச்சுரம் இல்லை. விரல் தந்தியில் படுகிற அந்தத் தட்டல் கேட்கவே கேட்காது. 18 அங்குல சப்பும் தனியாக நின்றால் அப்படித்தான். மாறாக, சவுண்ட்ஸ்காரர் கழித்து விடுகிற 15 அங்குலமும் மேல்சுரத்துக்கான ஹோர்னும் உள்ள பொக்ஸ் நல்லதொரு பேஸ் பொக்ஸ். ஹோர்னுக்குத் தனியாகக் குறைக்கிற குமிழ் இருந்தால் இன்னும் நல்லது.

அம்புக்கும் பொக்ஸுக்கும் இடையில் கிற்றார் வயரைக் கொழுவ வேண்டாம். அது மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கொன் வயர் வாங்குங்கள். அதைத் திருகிப் பூட்டினால் யாராவது காலால் இடறினாலும் கழராது.

இரண்டு பொக்ஸையும் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கமாக வைத்தால் நடுச்சுரங்கள் நேரே மட்டும் போகும், ஓரத்தில் நிற்கிற கீபோட்காரருக்குக் குழம்பும். மேலே இருப்பது உங்கள் காதுக்குக் கிட்டவும் வரும். பின்னால் மதில் இருந்தால் ஒன்றில் பொக்ஸை அதோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளுங்கள். கோனுக்கும் மதிலுக்கும் இடையில் 87 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால், மதிலில் பட்டுத் திரும்புகிற அலை 100 ஹேர்ட்ஸை அழித்துவிடும். ஜி தந்தியின் திறந்த சுரம் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. பலகை மேடை பொள்ளென்று முழங்கினால் நாலைந்து சாக்கை மடித்துப் பொக்ஸின் கீழே போடுங்கள், அப்புறம் அம்பின் பேஸ் குமிழைத் தொடுங்கள். அம்பில் மிகக் கீழான சத்தத்தை வெட்டுகிற ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 35 ஹேர்ட்ஸில் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கலாம்.