மூச்சு இளைக்கிற மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், திருகோணமலையில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், எந்தப் பக்கம் போனாலும் மாடு வைத்திருப்பவர்கள் வாயில் ஒரே பேச்சுத்தான். ஒன்றுக்குத் தடிமன், இன்னொன்றுக்கு மூச்சு இளைக்குது, கன்று பால் குடிக்குதில்லை. மாரி என்றால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். நான் பார்த்தவரை, நோய் தொடங்கின முதல் நாளில் நாங்கள் அவசரப்பட்டுச் செய்கிற வேலைகளாலும், செய்யாமல் விடுகிற வேலைகளாலும்தான் பாதி மிருகங்கள் போய்விடுகின்றன.

முதலில், வாயில் ஊற்றுவது. சின்ன வயதில் அம்மம்மா வீட்டில் ஒரு மறி ஆடு இருமியது. இஞ்சியும் மிளகும் இடித்து நல்லெண்ணெயில் கலந்து போத்தலில் எடுத்தார்கள், ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்தது நான்தான். மூன்றாம் நாள் அதன் மூச்சு அழுகின மீன் போல நாறியது, ஐந்தாம் நாள் செத்துப்போனது. சளி முற்றிப்போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உண்மையில் நடந்தது வேறு: வேகமாக மூச்சு வாங்குகிற மிருகத்துக்கு விழுங்க நேரம் கிடையாது, அதன் தலையைத் தூக்கி நாக்கையும் இழுத்துப் பிடித்தால் ஊற்றுவது நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும், அதிலும் எண்ணெய் மோசம், ஏனென்றால் அது இருமலைக்கூடத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி நுரையீரலில் தங்கிவிடும், பிறகு அங்கே கிருமி பெருகி சதை அழுகத் தொடங்கும். அந்த நாற்றம் வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். நல்லாக மூச்சு விடுகிற மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதென்றாலும் தலை நேர்மட்டத்துக்கு மேலே போகக்கூடாது, கடைவாயால் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், இருமினால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். இளைக்கிற மிருகத்துக்கோ ஒரு சொட்டும் வேண்டாம்.

அடுத்தது தொண்டை அடைப்பான். பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற பக்டீரியாதான் காரணம். மாட்டை விட எருமையைத்தான் இது கடுமையாகப் பிடிக்கும், அதிலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான கன்றுகளை. நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்துவிடும். காய்ச்சல் 41, 42 பாகை செல்சியஸ் வரை ஏறும், வாயால் நூல் நூலாக எச்சில் வடியும், தொண்டையும் நெஞ்சுப்பக்கமும் வீங்கும், குறட்டை மாதிரிச் சத்தத்தோடு மூச்சு இழுக்கும். பல நேரம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். காலையில் மேயப் போன எருமை மாலையில் இல்லை என்று சொல்வது இதைத்தான். வீக்கத்தைப் பார்த்தவுடன் காய்ச்சின கம்பியால் சூடு வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்த வேதனையால் எந்தப் பயனும் இல்லை, கையில் இருக்கிற கொஞ்ச நேரமும் வீணாகிவிடும்.

இந்த நோயை நம் நாட்டு மிருக வைத்திய விஞ்ஞானி எம்.சி.எல். டி அல்விஸ் பல வருடம் ஆராய்ந்தார். வெளியில் சுகமாகத் தெரிகிற மாடுகளின் தொண்டைக்குள், டொன்சிலில், இந்தக் கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கலாம் என்பது தெரிந்த விஷயம். மழையில் நனைந்து, பசியில் மெலிந்து, வேலையில் களைத்து உடம்பு தளரும்போது அது வெளியே வரும். ஆகவே பட்டியில் ஒன்று செத்தால் அதை மட்டும் பார்த்து அழுதுகொண்டு நிற்கக்கூடாது, மிச்சம் இருப்பவற்றைப் பார்க்கவேண்டும். மருந்து நன்றாக வேலை செய்வது காய்ச்சல் மட்டும் இருக்கிற நேரத்தில்தான், வீக்கம் வந்த பிறகு அநேகமாகப் பலிக்காது. பார்மசியில் வாங்குகிற டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். காலையும் மாலையும் ஒவ்வொன்றுக்கும் குதத்தில் வைத்துப் பாருங்கள், 40ஐத் தாண்டினதை உடனே பிரித்துக் கட்டிவிட்டு டொக்டருக்குச் சொல்லுங்கள். செத்ததைக் குளத்தில் தள்ளுவதோ காட்டு ஓரத்தில் போடுவதோ கூடாது, ஆழமாக வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும்.

தடுப்பூசியில் நடக்கிற பிழை, நேரம். ஊரில் நாலு மாடு விழுந்த பிறகுதான் ஊசிக்கு ஓடுகிறோம். ஊசி போட்டு உடம்பு எதிர்ப்பைக் கட்டியெழுப்ப இரண்டு மூன்று வாரம் வேண்டும், எனவே மாரிக்கு முன்னால், ஆவணி புரட்டாசிக்குள் முடித்திருக்கவேண்டும். ஒரு தரம் போட்டால் ஆயுளுக்கும் என்பதும் இல்லை. எண்ணெய் கலந்த ஊசிகூடக் கிட்டத்தட்ட ஒரு வருடம்தான் காக்கும்.

சரி, கொட்டிலுக்கு வருவோம். 2022 டிசம்பரில் அந்தக் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது குளிர் தாங்காமல் நடந்தது, தொற்று என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் இப்போது பலர் கொட்டிலை நாலு பக்கமும் படங்கால் இறுக்கி மூடுகிறார்கள், அதற்குள் நுளம்புக்கு வேப்பிலைப் புகையும் போடுகிறார்கள். மூத்திரத்திலிருந்து வருகிற அமோனியாவும் புகையும் சேர்ந்து மூச்சுக்குழாயின் உட்தோலை அரித்துவிட்டால், கிருமியைத் தடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. காற்று அடிக்கிற பக்கத்தைக் கன்றின் உயரத்துக்கு மறையுங்கள், மேலே திறந்து விடுங்கள், தரையில் உலர்ந்த வைக்கோல் இருக்கட்டும். கன்றின் மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குந்தியிருந்து ஒரு நிமிடம் மூச்சு எடுத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது.

அப்புறம் ஊசிமருந்து. பக்கத்து வீட்டில் மிஞ்சினதை வாங்கி ஒரே ஊசியால் பத்து ஆட்டுக்குக் குத்துவது, இரண்டாம் நாள் எழும்பி வைக்கோல் கடித்தவுடன் மருந்தை நிறுத்துவது, இரண்டும் கெடுதல். அரைகுறையாக நிறுத்தினால் மருந்துக்குத் தாக்குப்பிடித்த கிருமிதான் மிஞ்சிப் பெருகும். எல்லாச் சளிக்கும் பெனிசிலின் என்பதும் பிழை, ஏனென்றால் மைகோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, பெனிசிலின் தாக்குவதோ அந்தச் சுவரைத்தான். கோழிகளில் மாதக்கணக்கில் கரகரப்போடு இழுபடுகிற சளிக்குப் பல தரம் அதுதான் காரணம். இன்னொன்று, மருந்து ஏற்றின மாட்டின் பாலை டொக்டர் சொன்ன நாள் வரைக்கும் விற்கவோ குடிக்கவோ வேண்டாம். தயிர் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அந்தப் பால் கலந்தால் சட்டி உறையாது, உறைமோரில் இருக்கிற நல்ல கிருமியையும் மருந்து கொன்றுவிடும். நாட்பட்ட இருமலும் மெலிவும் உள்ள பசு என்றால் மாட்டுக் காசநோயும் நினைவில் இருக்கட்டும், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

புதிதாக வாங்கின ஆட்டை அன்றைக்கே கூட்டத்தில் விடவேண்டாம். லொறியில் நின்று களைத்து வந்த மிருகத்துக்கு நோய் பெரும்பாலும் வந்த இரண்டு வாரத்துக்குள் வெளிப்படும், ஆகவே மூன்று வாரம் தனியே, தனித் தண்ணீர்ச் சட்டியோடு கட்டுங்கள்.

வீட்டு நாய் தொண்டையில் முள் சிக்கின மாதிரிக் கொக்கரித்து இருமினால் எலும்பு இறங்கவில்லை என்று விரலை விடுகிறோம். போர்டெடெல்லா என்ற பக்டீரியாவால் வருகிற தொற்றிருமலும் அப்படியேதான் கேட்கும். கழுத்துப் பட்டியை அவிழ்த்து நெஞ்சுப்பட்டி போடுங்கள், மற்ற நாய்களோடு விடாதீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது.

டொக்டருக்கு அழைக்கும்போது மாட்டுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அழைக்க முதல் மிருகத்தை நிழலில் ஓய்வாக விட்டு, அதன் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மாடோ ஆடோ 40க்கு மேல் போனாலும், தூங்குகிற நாய் 30க்கு மேல் போனாலும் அது அவசரம். எண்ணிக்கை, காய்ச்சல், எப்போதிலிருந்து, தொண்டையில் வீக்கம் இருக்கா இல்லையா, ஏற்கனவே என்ன கொடுத்தீர்கள், இந்த ஐந்தையும் சொல்லுங்கள். ஏச்சு வாங்கவேண்டி வரும் என்று பயந்து எண்ணெய் ஊற்றினதை மட்டும் மறைக்காதீர்கள், அவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.