குதிகால் வலியோடு பாஸ்டன் மாரத்தானுக்கு

பாஸ்டன் மாரத்தான் ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை நடக்கும். அதற்கான பயிற்சி பெரும்பாலும் கடுங்குளிரில்தான். மைனஸ் 12 டிகிரியிலும் வாசற்படி இறங்கியதுமே ஓடத் தொடங்கிவிடுவேன். அதுதான் தப்பு. ஜனவரி மூன்றாவது வாரம் இடது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தாம்புக்கயிறு போல் தடித்துவிட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலடி வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டும்.

ஓய்வெடுத்தால் வலி போகும், ஓடினால் திரும்பிவிடும். என்னைக் காப்பாற்றியது வீட்டு மாடிப்படி. முன்பாதத்தைப் படியின் விளிம்பில் ஊன்றி, இரண்டு கால்களாலும் எம்பி, வலிக்கிற காலை மட்டும் ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கியபடி இன்னொரு 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரங்கள். முதல் இரண்டு வாரம் நன்றாகவே வலித்தது, விடவில்லை.

வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் வேகமாக நடந்து, உடம்பு சூடேறிய பிறகே வெளியே போனேன். குதிகாலுக்கு மேல்வரை ஏறும் கம்பளிக் காலுறை. தெருவில் பனிக்கட்டி உறைந்த நாட்களில் டிரெட்மில். மேட்டு ஓட்டத்தை மார்ச் வரை தொடவே இல்லை.

போட்டியன்று, ஓட்டம் தொடங்கும் ஊரான ஹாப்கின்டனில் பழைய ஸ்வெட்டரோடு காத்திருந்து, புறப்படும் நேரத்தில்தான் கழற்றினேன். 32 கிலோமீட்டர் தாண்டி வரும் ஹார்ட்பிரேக் மேட்டில் தொடை இரண்டும் எரிந்தன. குதிகால் மட்டும் சத்தமில்லாமல் கூடவே வந்தது.