கீசர் சூடாகலையா? தெர்மோஸ்டாட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

கீசர்ல தண்ணி சூடாகலைனா எல்லாரும் நேரா தெர்மோஸ்டாட் (வச்ச சூடு வந்ததும் கரண்ட நிறுத்துற பாகம்) மேலதான் பழி போடுறாங்க. பாதி நேரம் அது காரணமே இல்ல, தண்ணிய சூடாக்குற எலிமெண்ட் போயிருக்கும், இல்ல வயர் மாட்டுற ஏதாவது ஒரு முனை லூஸா இருந்து கருகியிருக்கும். அதனால கவரக் கழட்டுறதுக்கு முன்னாடி லைட்டப் பாருங்க. ஹீட்டிங் லைட் எரியுது ஆனா தண்ணி பச்சைத்தண்ணியாவே வருதுன்னா எலிமெண்ட்தான் சந்தேகம். பவர் இருக்கு, ஹீட்டிங் லைட் எரியலன்னா தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ (சூடு எல்லை மீறுனா கரண்ட நிறுத்துற பாதுகாப்பு சுவிட்ச்). தண்ணி ஆவியா கொதிச்சு வருதுன்னா தெர்மோஸ்டாட் உள்ள கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு, உடனே ஆஃப் பண்ணுங்க.

அடுத்து எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கிற ட்ரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க. சுவர் சுவிட்ச் மட்டும் பத்தாது, சில வீட்ல வயரிங்கை மாத்திப் போட்டு சுவிட்ச் நியூட்ரல்ல உக்காந்திருக்கும், ஆஃப் பண்ணாலும் உள்ள ஃபேஸ் வந்துட்டேதான் இருக்கும். கவரக் கழட்டுனதும் டெஸ்டர் வச்சு பாத்துட்டு அப்புறமா கைய வைங்க. வயர் எது எங்க இருக்குன்னு ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

கட்-அவுட்ல குட்டியா ஒரு ரீசெட் பட்டன் இருக்கும், அழுத்துனா டக்குனு உள்ள போச்சுன்னா ட்ரிப் ஆகியிருந்துச்சுன்னு அர்த்தம். அதோட விட்றாதீங்க, அது சும்மா ட்ரிப் ஆகாது, தெர்மோஸ்டாட் நேரத்துக்கு கட் பண்ணல, இல்ல எலிமெண்ட்ல உப்பு படிஞ்சு சூடு தண்ணிக்குப் போகாம அங்கயே தேங்குது. தொல்லையா இருக்குன்னு கட்-அவுட்ட பைபாஸ் பண்றவங்களும் இருக்காங்க, அது டேங்க் வெடிக்கிற வேலை, வேணாம்.

இப்ப மல்டிமீட்டர். எலிமெண்ட் வயரக் கழட்டிட்டு ரெண்டு முனையிலயும் ஓம்ஸ் பாருங்க, 230 வோல்ட்ல 2 கிலோவாட்டுன்னா சுமார் 26, 3 கிலோவாட்டுன்னா 17, 18 காட்டணும். முனைக்கும் டேங்க் பாடிக்கும் நடுவுல எதுவுமே காட்டக் கூடாது, காட்டுனா எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் டேங்க் பாடிக்குக் கசியுது. இது ரெண்டும் சரின்னா தெர்மோஸ்டாட்டுக்கு வாங்க. வயர எடுத்துட்டு, தெர்மோஸ்டாட்டோட நீளமான குச்சிய வெளிய உருவி ஆறவிட்டு, குமிழ ஃபுல்லா திருப்பி மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி (ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருக்கான்னு) பாத்தா பீப் வரணும், வரலன்னா அது போச்சு. பீப் வந்தா குமிழக் குறைச்சு வச்சுட்டு குச்சிய மட்டும் (வயர் மாட்டுற முனை நனையாம) நல்ல கொதிக்கிற தண்ணில விடுங்க, கொஞ்ச நேரத்துல "டக்"குனு சத்தம் வந்து பீப் நிக்கணும். நிக்கலன்னா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

புதுசு வாங்குறப்போ பழசக் கையோட கொண்டு போங்க. குச்சி நீளம், தடிமன், ஆம்பியர், டிகிரி எல்லாம் ஒத்துப் போகணும். 2 கிலோவாட்டுக்கு 9 ஆம்பியர் கிட்ட ஓடும், 16 ஆம்பியர் தாராளம். குச்சி தனி குழாய்க்குள்ள இருக்கிற மாடல்னா தண்ணிய வடிக்கத் தேவையில்ல, உருவிட்டு புதுசச் சொருகி, போட்டோவப் பாத்து வயர மாட்டி, ஸ்க்ரூவ இறுக்குங்க. வயர் நுனி கருகியிருந்தா அந்த அளவு வெட்டிட்டு புது லக் (வயர் நுனியில மாட்டுற உலோகத் துண்டு) போடுங்க, கருகுனதையே திரும்ப மாட்டுனா புது தெர்மோஸ்டாட்டும் கருகும்.

கவர மூடிட்டு, சுடுதண்ணிக் குழாயத் திறந்து காத்து இல்லாம தண்ணி ஒரே சீரா வந்தப்புறம்தான் ஆன் பண்ணணும், காலி டேங்க்ல ஆன் பண்ணா எலிமெண்ட் அவ்ளோதான். முதல் தடவை பக்கத்துலயே இருங்க. 15 லிட்டர், 2 கிலோவாட்டுன்னா 30 டிகிரில இருந்து 60 வர கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். அதத் தாண்டியும் லைட் அணையாம எரிஞ்சுட்டே இருந்தா ஆஃப் பண்ணிட்டு குச்சி முழுசா உள்ள உக்காந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அரைகுறையாத்தான் நிக்கும்.