மரமேறும் ஹார்னஸ்: நாடாவுக்கு முடிச்சும் கொக்கியும்

பெங்களூரு அல்சூரில் மழைக்கு முன் தூங்குமூஞ்சி மரக் கிளைகளைக் கழிக்க ஏறுவோர், உடலில் மாட்டும் பாதுகாப்புக் கச்சையான ஹார்னஸின் தைத்த பட்டையில் முடிச்சுப் போடக் கூடாது. தனியாகச் சேர்க்கும் நைலான் நாடாவுக்கே முடிச்சு. அதன் இரு முனைகளை இணைக்க வாட்டர் நாட் ஏற்றது: ஒரு முனையில் தளர்வாக ஒற்றை முடிச்சிட்டு, மறுமுனையை எதிர்த்திசையிலிருந்து அதே தடத்தில் முறுக்கு விழாமல் செலுத்தி, உடல் எடையைப் போட்டு இறுக்க வேண்டும். சுமை ஏறி இறங்குகையில் வால்கள் (முடிச்சுக்கு வெளியே நீளும் முனைகள்) மெல்ல உள்ளே நழுவும் என்பதால், அவற்றை குறைந்தது 8 செ.மீ. விட்டு, ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் பார்க்கவும். டைனீமா என்ற வழுக்கும் செயற்கை இழை நாடாவில் முடிச்சே வேண்டாம். தைத்த வளையமே மேல்.

நாடாவையும் கயிற்றையும் இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினரின் திருகுப் பூட்டு கிளையில் உரசி அவிழக்கூடும். மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டையே பரிந்துரைப்பேன். நீளவாக்கில் 22 கிலோநியூட்டனுக்கு (விசையின் அலகு) குறையாத தாங்குதிறன் காரபினரில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கி, எவ்வளவு கனத்தாலும், ஆளைத் தாங்க உரியதல்ல.