பாதிக் கதையில் முற்றத்துக்கு

மண்ணில் விளையாடுவதும் சமைப்பதுமாக வரும் படப்புத்தகத்தை வீட்டுக்குள்ளே வாசித்து முடித்துவிடாதீர்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எந்தப் புத்தகம்? பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். ஆனால் பெரியவர் சமைக்கப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் கதை வேண்டாம், பிள்ளையே கிண்ட வேண்டும், கொட்ட வேண்டும். படத்தில் இருப்பது நம் வளவிலும் கிடைக்க வேண்டும். ஸ்ட்ராபெரி பறிக்கும் கதை அழகுதான், மூடிய பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளை எதைப் போய்ப் பறிக்கும்? கடைகளில் நல்லதாக அகப்படாவிட்டால் இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். மூன்று நான்கு வயதுக்கு அங்குள்ள முதலாம், இரண்டாம் வாசிப்பு நிலைக் கதைகளே சரி.

வாசிக்கும்போது பானை அடுப்பில் ஏறும் பக்கத்தில் நிறுத்தி, "இனி இதுக்குள்ள என்ன போடுவினம்?" என்று கேளுங்கள். பதில் வரத் தொடங்கியதும் புத்தகத்தை மூடி, கையில் சிரட்டையைக் கொடுங்கள். என் மகள் ஈரமண்ணைக் கரைத்து, பூவரசம்பூவைப் பிய்த்துப் போட்டு, "சொதி இன்னும் கொதிக்கேல்ல, பொறுங்கோ" என்றாள். நான் பொறுத்திருந்தேன். அந்த நேரத்தில் திருத்தவோ பாடம் சொல்லவோ போனால் விளையாட்டு அதோடு போச்சு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மஞ்சள் அலரி. அதன் விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வேலியோரம் நின்றால் விளையாடுகிற இடத்தை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் உண்மையான சமையல். ஜூலை நடுவில் வரும் ஆடிப்பிறப்புக்கு ஆடிக்கூழ் காய்ச்சும்போது அடுப்பு உங்களுடையது. பயறு கழுவுவதும் பனங்கட்டி உடைப்பதும் பிள்ளைக்கு. விழுந்து கிடக்கும் பிலாவிலையில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி வரச் சொல்லிக் கழுவி, கூழ் குடிக்கக் கோலி ஈர்க்குக் குத்திக் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று ஒழுகும், பரவாயில்லை, கூழ் ஆறுவதற்குள் ஒன்று சரிவரும்.

மிச்சப் பக்கங்களை இரவு வாசியுங்கள். புத்தகத்தில் சேறு பட்டிருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், படத்தில் கறை ஊறிவிடும். காயவிட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும்.