கட்டைவிரல் நகத்தைத் தோண்டாதீர்கள்

ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டால் கம்பம், போடி, தேவாரம் பக்கத்து ஜீப்புகள் விடியும் முன்பே மலையேறுகின்றன. தோட்ட வேலைக்குப் புதியவர்களின் கால்கள் குமுளியில் நான் கட்டுப்போடும் அறைக்கு வந்துசேர அதிக நாள் ஆவதில்லை. கல்லைப் பார்த்து நட, காயத்தைக் கழுவு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். கால்விரல் விஷயத்தில் அடிக்கடி செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நகத்தின் மூலையைத் தோண்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மழைக்காலத்தில் பகல் முழுவதும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஊறிக் கிடக்கிறது. செடியடியில் குந்திக் காய் பறிக்கும்போது உடம்பின் பாரம் விரல்களில் இறங்குகிறது. பூட்ஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போதும், கட்டைவிரல் நகத்தின் ஓரம் ஊறிய சதையில் அழுந்தும். உடனே பிளேடை எடுத்து மூலையை வளைத்து வெட்டிவிடுகிறார்கள்.

அன்றிரவே வலி குறைந்துவிடும், ஏமாற்றுவதும் அதுதான். பிளேடு எட்டாத ஆழத்தில் சிறு நகமுள் ஒன்று மிஞ்சியிருக்கும். நகம் வளர வளர அது சதைக்குள் குத்திக்கொண்டே போகும். சில வாரங்களில் ஓரம் வீங்கிச் சீழ் கட்டி, தொட்டாலே இரத்தம் கசியும் செஞ்சதை முளைக்கும். அதையும் வெட்டப் பார்த்தவர்கள் உண்டு!

அடுத்து மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவார்கள், எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவார்கள். முள் உள்ளே இருக்கும்வரை எதைப் பூசியும் பயனில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் அந்த முள்ளை எடுத்துவிடாது. "புது பிளேடுதான் சிஸ்டர், வெந்நீரில் கழுவித்தான் வெட்டினேன்" என்று தேவாரத்துப் பெண் ஒருவர் என்னிடம் வாதாடினார். பிளேடின் மேல் யார் குற்றம் சொன்னது? கூலி போய்விடும் என்று அவர் நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். முடிவில் டாக்டர் விரலை மரக்கச் செய்து, நகத்தின் ஓரத்தை நீளவாக்கில் எடுத்து, அந்த ஓரம் மறுபடி வளராதிருக்க வேரில் ஃபீனால் என்ற மருந்தை வைக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் நகத்தின் அடியில் ஒரு துளிப் பஞ்சைச் செருகியே சமாளித்திருக்கலாம்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஒட்ட வெட்ட வேண்டாம். இரு மூலைகளும் சதைக்கு வெளியே தெரிய வேண்டும்.

அசைகிறதே, முறிவாக இருக்காது என்பது

முறிந்த விரலும் அசையும். கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் கோணாமல் இருந்தால் இடையில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுவது வழக்கம். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் கூடிவிடும். நடையின் பாரத்தைத் தாங்கும் கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் ஊகிக்காதீர்கள்.

கருத்த நகத்தைப் பிடுங்குவது

வேண்டாம். விழுவதானால் தானே விழும்; புதிது முழுதாக வளர 12 முதல் 18 மாதமாகும். அடிபட்டவுடன் விண்விண் என்று தெறித்தால் ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் காட்டினால் துளையிட்டுக் கட்டிய இரத்தத்தை வெளியேற்றுவார். அடியே படாமல் நகம் கருத்தாலும் காட்டுங்கள்.

நள்ளிரவு வலியைச் சுளுக்கு என்று நீவுவது

கட்டைவிரலின் அடிமூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை என்றால் அது கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) ஆக இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவே காட்டக்கூடும். அந்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு, கௌட் இல்லை என்று முடிவுகட்டி எண்ணெய் தேய்ப்பவரிடம் போகாதீர்கள்.

வலிக்கவில்லை என்று இருந்துவிடுவது

சர்க்கரை நோய் இருக்கிறதா? சிறு கீறலானாலும் அன்றே காட்டுங்கள். உணர்ச்சி மங்கிய காலை வெந்நீரில் வைத்து வெந்துபோனவர்களுக்கும் கட்டுப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது

விரல் கோணியிருந்தால், வெளிறியோ நீலம் பாரித்தோ மரத்துப் போனால், காயத்தில் எலும்பு தெரிந்தால், சிவப்பு பாதத்தில் ஏறிக் காய்ச்சலும் கண்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. மண் பட்ட காயமாக இருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். எப்போது போட்டது என்றே நினைவில்லையா? போடாததாகவே எங்கள் கணக்கு.