நிரலில் தவறில்லை, ஆனாலும் நினைவகம் கசிகிறது: பில்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விடுவதுதான் நினைவகக் கசிவு. அது என்றதும், நினைவகத்தை விடுவிக்கும் டிலீட் கட்டளை எங்கே விடுபட்டது என்று தேடி மூல நிரலுக்குள் இறங்கிவிடுகிறோம். அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால் பழி ஏதாவதொரு நூலகத்தின் மேல் விழும். பில்டின்போது, அதாவது மூல நிரலை இயங்கு நிரலாகத் தொகுக்கும்போது, அதைச் செய்யும் கம்பைலருக்கு என்னென்ன ஆப்ஷன்கள் போகின்றன என்று பார்ப்பது கடைசியில்தான். முதல் தவறு அதுதான்.

விஷுவல் சி++ கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செப்ஷன் எனும் பிழை அறிவிப்பு எறியப்படும்போது ஆப்ஜெக்ட்களைச் சுத்தம்செய்ய வைக்கும் இஎச்எஸ்சி (/EHsc) ஆப்ஷன் தராவிட்டாலும், எக்செப்ஷனைப் பிடிக்கும் ட்ரை, கேட்ச் உள்ள நிரலை அது மறுக்காமல் தொகுத்துவிடும். எக்செப்ஷன் எறியப்படும், பிடிக்கவும் படும். ஆனால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள ஃபங்ஷன்களில் உருவான ஆப்ஜெக்ட்களுக்கு, அவை அழியும்போது சுத்தம்செய்யும் டிஸ்ட்ரக்டர் ஓடாது. நினைவகத்தைத் தானே விடுவிக்க வேண்டிய ஸ்மார்ட் பாயின்டரோ வெக்டரோ, பிடித்து வைத்த நினைவகத்தை விடாமலே மறைந்துவிடும். பிழை நேரும் பாதையில் மட்டுமே கசிவதால் சாதாரணச் சோதனைகளில் இது தென்படாது. நாள்கணக்கில் ஓடும் சர்வரில்தான் தலைகாட்டும். கம்பைலர் சி4530 என்ற எச்சரிக்கையைத் தரத்தான் செய்கிறது. எச்சரிக்கைகள் மலைபோல் குவிந்த திட்டத்தில் அதை யார் படிக்கிறார்கள்? இந்த ஒன்றையாவது பிழையாகவே கருதும்படி அமைத்துவிடுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோவின் புதிய திட்டங்களில் இந்த ஆப்ஷன் தானாகவே இருக்கும். பில்டை அமைத்துத் தரும் சிமேக் கருவியும் சேர்த்துக் கொடுக்கும். சிமேக்கின் சி++ ஆப்ஷன் மாறியில் இருப்பதோடு சேர்க்காமல், புதிய மதிப்பை அப்படியே எழுதும்போதுதான் அது காணாமல் போகிறது. ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் தொகுக்கப்பட்டது என்பதை பில்ட் பதிவில் நேரடியாகப் பாருங்கள். அமைப்புக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஜிசிசி என்ற மற்றொரு கம்பைலரிலும் எக்செப்ஷனை அணைத்துத் தொகுத்த ஒரு கோப்பின் வழியே எக்செப்ஷன் கடந்து போனால், டிஸ்ட்ரக்டர்கள் விடுபடலாம், அல்லது நிரலே நின்றுவிடலாம்.

பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் சரியாக ஓடி, வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில் மட்டும் கசிகிறதா? வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனைச் சந்தேகிக்கும் முன், ஒரு நிபந்தனை சரிதானா என்று சோதிக்கும் அசர்ட்களைத் தேடுங்கள். நினைவகத்தை விடுவிக்கும் அழைப்பை அசர்ட்டுக்குள் எழுதியிருந்தால், ரிலீஸில் அசர்ட்களை நீக்கச் சொல்லும் என்டீபக் (NDEBUG) வரையறுக்கப்பட்டதும் அந்த அழைப்பே இருக்காது.

ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் ஏஆர்சியை நம்பி எழுதிய கோப்பை ஏஆர்சி இல்லாமல் தொகுப்பதும் இதே கதைதான்.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிடைசருடன் தொகுத்தால் நினைவகம் கூடுவது இயல்பு; விடுவித்த நினைவகத்தை அது உடனே திருப்பித் தராமல், வழக்கமாக 256 எம்பி வரை ஒதுக்கி வைத்திருக்கும். அதைக் கசிவு என்று துரத்த வேண்டாம். லினக்ஸில் நிரல் முடியும்போது அது உண்மையான கசிவுகளைப் பட்டியலிடும். விஷுவல் சி++ உடன் வரும் பதிப்பில் அந்த வசதி இல்லை. அங்கே அறிக்கை காலியாக வந்தால் அதற்குப் பொருள் ஏதுமில்லை.